பழைய மரப்படகு மாதிரியைப் புதுப்பித்தல்: மரத்தை அடைப்பதும் சாயம் தேர்ந்தெடுப்பதும்

ஒரு பழைய மரப்படகு மாதிரி கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு டின் சாயம் வாங்கி வருகிறார்கள். அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீரில் விடப்படும் படகு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை வெளியே தெரியும் நிறம் தீர்மானிப்பதில்லை. அந்த நிறத்துக்குக் கீழே மரத்தின் நுண்துளைகள் எவ்வளவு முழுமையாக அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது.

இதை நான் பட்டறிவால் கற்றேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது, என் தாய்மாமா செய்து வைத்திருந்த 80 செ.மீ. நீளமுள்ள ஒரு படகு பரணிலிருந்து கிடைத்தது. மேலாகத் தேய்த்து, வெளிப்புறத்தில் மட்டும் இரண்டு முறை எனாமல் சாயம் பூசி, கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினேன். மூன்றாவது வாரத்தில் அடிப்புறம் முழுவதும் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தோட்டத்தில் ஆசாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கொப்புளங்களைப் பார்க்கவே இல்லை, மேல்தளத்தின் மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவிவிட்டு, "உள்பக்கம் ஒண்ணுமே பூசலியாய்யா?" என்று கேட்டார். விசிறித் தண்டின் (மோட்டாரையும் நீருக்குள் சுழலும் விசிறியையும் இணைக்கும் தண்டு) வழியாகக் கசிந்த நீர் உட்புறத்தில் தேங்கி, பூசப்படாத மரத்துக்குள் இறங்கி, வெளியேற வழி தேடிச் சாயத்தைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. அந்தச் சாயம் முழுவதையும் உரித்துவிட்டு மீண்டும் செய்த முறையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

மரம் எது, பழைய சாயம் எது

முதலில் உங்கள் படகு எந்த மரத்தால் ஆனது என்று பாருங்கள். நம் நாட்டில் கையால் செதுக்கப்பட்ட படகுகளில் ஜெலுத்தோங் மரத்தை அடிக்கடி காணலாம். வெளிறிய மஞ்சள் நிறமும் நேரான நாரும் கொண்ட இம்மரம் உளிக்கு எளிதில் இணங்கும். பால்மரத்தைப் (ரப்பர் மரம்) போலவே இதன் பாலையும் ஒரு காலத்தில் காட்டில் சேகரித்து, மெல்லும் மிட்டாய் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். கடையில் வாங்கிய படகுகளில் பால்சா மரமும் மெல்லிய ஒட்டுப்பலகையும் இருக்கும். பால்சா மிக இலகுவானது என்பதால் நகம் பட்டாலே பள்ளம் விழும். தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சும். ஒட்டுப்பலகையின் ஓரங்களில் அடுக்குகள் திறந்து கிடக்கும்; அங்கேதான் நீர் முதலில் நுழையும். பால்மரப் பலகையால் செய்த படகாக இருந்தால் பூச்சித் துளைகளைத் தேடுங்கள். குண்டூசித் தலை அளவு துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால், பாட்டரி, மோட்டார் முதலியவற்றைக் கழற்றிவிட்டுப் படகை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறைச் சூட்டில் விட வேண்டும். இல்லையெனில் குளிர்ந்த மரத்தின் மேல் நீர் வியர்த்துவிடும்.

பழைய சாயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1970களுக்கு முன் பூசப்பட்ட வெள்ளை, மஞ்சள், செந்நிறச் சாயங்களில் காரீயம் கலந்திருக்கக்கூடும். (நம் வட்டாரத்தில் ஈயம் என்றாலே வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும், இங்கே சொல்வது நரம்புகளையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் காரீயத்தை.) அமெரிக்காவில் வீட்டுச் சாயங்களில் இதை 1978இல் தடை செய்தார்கள், பல நாடுகளில் அதற்குப் பிறகும் விற்பனையில் இருந்தது. ஆகவே வயது தெரியாத சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, என்95 முகக்கவசம் அணிந்து, கீழே விரித்த நாளிதழில் விழும் சேற்றை அப்படியே சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வெப்பக் காற்றுத் துப்பாக்கியும் வேண்டாம். அது சாயத்தைப் புகையாக்குவதோடு பழைய பசையையும் இளக்கிவிடும். ஒட்டுப்பலகையிலும் பால்சாவிலும் சாயம் உரிக்கும் ரசாயனத்தை ஊற்றினால் அது மரத்துக்குள் ஊறித் தங்கி, பின்னால் பூசும் எதையும் ஒட்டவிடாது.

80 எண் உப்புத்தாளில் தொடங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை. 120இல் சாயத்தை எடுத்து, 180, 240 என்று நாரின் போக்கிலேயே தேய்த்து வந்தால் போதும். அடைப்பதற்கு முன் மரத்தை 400 வரை வழவழப்பாக்குவது வீண்; மரத்தை அடைக்கப் பூசும் ரெசின் (பிசின்) பிடித்துக்கொள்ளச் சற்றுச் சொரசொரப்பு வேண்டும்.

உலர்த்துதல்

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அத்தகைய காற்றில் மரம் தன் உலர்எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீரை எப்போதும் வைத்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கொண்டுவர முயல வேண்டாம். குளிரூட்டிய அறையில் வாரக்கணக்கில் காயவைத்து அடைத்தாலும், எந்தப் பூச்சும் நீராவியை முற்றிலும் தடுப்பதில்லை என்பதால், வெளியே வந்ததும் மரம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே திரும்பி மூட்டுகளை நெருக்கும். நம் நோக்கம், கழுவியபோதும் குட்டையில் ஓடியபோதும் கூடுதலாக ஏறிய நீரை வெளியேற்றுவது மட்டுமே.

அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சமையலறைத் தராசில் படகைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், இரண்டு கட்டைகளின் மேல் மேல்தளத்தின் மூடியைத் திறந்தபடி வைத்தால் எடை நாள்தோறும் குறையும். தொடர்ந்து மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் மரம் தயாராகிவிட்டது என்று பொருள். என் படகுக்கு ஒன்பது நாள் பிடித்தது. அதற்குள் நூறு கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. அவசரப்பட்டு நேரடி வெயிலில் நாள் முழுவதும் வைத்தால் பலகை வெடிக்கும்.

மரத்தை அடைத்தல்

மரத்தை அடைப்பதற்குப் புதியவர்கள் கைக்கொள்ளத்தக்க வழிகள் மூன்று உள்ளன. படகு எங்கே வாழப்போகிறது என்பதைப் பொறுத்தே தேர்வு செய்ய வேண்டும்.

வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் மட்டும் நிற்கப்போகும் படகுக்கு சாண்டிங் சீலரோ (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக்கோ போதும். ஷெல்லாக் சாராய வகைக் கரைப்பானில் கரையும். சில நிமிடங்களில் உலரும். ஒத்துப்போகாத இரண்டு சாயங்களுக்கு நடுவே தடுப்பாகவும் பயன்படும். ஆனால் நீர் தங்கினால் வெளுத்துவிடும். மெழுகு நீக்கப்படாத ஷெல்லாக்கின் மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது என்பதால், வாங்கும்போது மெழுகு நீக்கியதைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போதாவது நீரில் இறங்கும், மரத்தின் இயல்பான நிறம் தெரிய வேண்டிய படகுக்கு எண்ணெய் சார்ந்த வார்னிஷ் பொருந்தும். முதல் பூச்சில் வார்னிஷும் மினரல் டர்ப்பன்டைனும் சம அளவில் கலந்திருக்க வேண்டும். அது நீர்த்துப்போய் மரத்துக்குள் ஆழமாக இறங்கும். அடுத்த பூச்சில் டர்ப்பன்டைனைக் கால் பங்காகக் குறைத்து, அதற்குப் பின் கலக்காமல் மூன்று அல்லது நான்கு முறை பூசலாம். கப்பல் மரங்களுக்கென்று விற்கும் வார்னிஷ் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். அறைகலன்களுக்கு விற்கும் வார்னிஷ் நம் வெயிலில் விரைவில் வெடித்து உரியும். எண்ணெய்ப்பொருள் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். குறிப்பாக ஆளிவிதை எண்ணெய் கலந்தவை காற்றுடன் சேர்ந்து தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது நீரில் ஊறவிட்டு எறியுங்கள்.

வாரந்தோறும் ஓடப்போகும் படகுக்கு என் தேர்வு எப்பாக்ஸி ரெசின்தான். பாலியஸ்டர் ரெசின் விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். அது மரத்தில் எப்பாக்ஸி அளவுக்கு உறுதியாகப் பிடிக்காது. எப்பாக்ஸி வாங்கும்போது ரெசினை மெதுவாக இறுகச் செய்யும் ஹார்டனரைக் கேளுங்கள். வெப்பநிலை 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுக் கணக்கு; குளிர்நாட்டில் 20 பாகையில் அரை மணி நேரம் கிடைக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தால், நம் 30 பாகையில் கால் மணி நேரமே கிடைக்கும். ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன விகிதத்திலேயே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது என்றைக்கும் முழுமையாக இறுகாது. எடை விகிதமும் அளவு விகிதமும் வெவ்வேறு என்பதையும் கவனியுங்கள். ஒரு தடவைக்கு 30 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான கோப்பையில் மொத்தமாகக் கலந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும். நைட்ரைல் கையுறை அணிவது கட்டாயம். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை உடலில் வந்துவிட்டால் பின்னர் விலகுவதில்லை.

பூசும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரம் சூடேறும்போது அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியேறி, ஈர ரெசினில் குமிழியாகும். மரம் குளிரும்போது அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே படகை அரை மணி நேரம் காலை வெயிலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் நிழலுக்குக் கொண்டுவந்து உடனே பூசுங்கள். ரெசின் ஆழமாக இறங்கட்டும் என்று தின்னர் ஊற்றுவோர் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆவியாகாமல் தங்கும் தின்னர் இறுகிய படலத்தை நலியச் செய்யும். மெல்லிய ரெசினை வாங்கி இந்தக் காலை வெயில் முறையைக் கையாள்வதே நல்லது.

எங்கே பூச வேண்டும் என்பதை ஆசாரிப் பெரியவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் மரத்தின் வெட்டுமுனைகள். மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலே ஏற்றிய குழல்கள் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன என்பதால், பலகையின் பக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாக அம்முனைகள் நீரை உறிஞ்சும். முன்முனை, பின்பலகை, ஒட்டுப்பலகையின் ஓரங்கள் ஆகியவற்றில் ரெசின் பூசி, அது உறிஞ்சப்பட்டதும் மறுபடியும் மறுபடியும் மேற்பரப்பு பளபளப்பாக நிற்கும் வரை பூசுங்கள். அடுத்து விசிறித் தண்டு செல்லும் துளை, சுக்கான் துளை, திருகாணித் துளைகள். சிறிய குச்சியில் பஞ்சு சுற்றி உட்சுவர் முழுவதும் நனையும்படி தடவுங்கள். மூன்றாவதாகப் படகின் உட்புறம் முழுவதும், மோட்டார் வைத்தபின் கை எட்டாத மூலைகள் உட்பட. கடைசியாகத்தான் வெளிப்புறம். பால்சா உடலாக இருந்தால் வெளிப்புறத்தில் சதுர மீட்டருக்கு 50 கிராமுக்கும் குறைவான மெல்லிய கண்ணாடி இழைத் துணியை விரித்து அதன் மேல் ரெசினைத் தடவினால் நகம் படாத ஓடு கிடைக்கும்.

ஈரமான காற்றில் இறுகிய எப்பாக்ஸியின் மேல் மெழுகு போன்ற ஒரு வழுக்கல் படலம் தோன்றும். இது ஹார்டனரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்துடனும் கரிவளியுடனும் (கார்பன் டை ஆக்ஸைடு) சேர்ந்து உண்டாக்குவது. நம் ஊரில் இது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளேதான் அழுத்திவிடுவோம். முதலில் சாதாரணத் தண்ணீரும் பச்சை நிறத் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவித் துடைத்து, அதன் பின்னரே 240இல் தேய்க்க வேண்டும். இந்தக் கழுவலைத் தவிர்த்தவர்களின் சாயம்தான் ஆறு மாதத்தில் தோல் போல் உரிகிறது. எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகிப் பொடியாகும் என்பதால் அதன் மேல் சாயமோ, கதிரைத் தாங்கும் வார்னிஷோ இல்லாமல் விடவும் கூடாது.

பள்ளம் நிரப்பலும் அடிச்சாயமும்

கார் பட்டறைகளில் பயன்படுத்தும் இருபொருள் புட்டி (இரண்டைக் கலந்தால் இறுகும் பசை) பள்ளங்களை நிரப்ப ஏற்றது. சுவர்ப் புட்டியை எக்காரணத்தாலும் தொடாதீர்கள். அது நீரில் கரையும். அதன்பின் சாம்பல் நிற பிரைமரை மெலிதாக இரண்டு முறை அடித்து, 400 எண் ஈர உப்புத்தாளால் தேய்த்து, விளக்கொளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மறைந்திருந்த மேடு பள்ளங்கள் அனைத்தும் தெரியும். வாசல் கேட்டுக்குப் பூசும் செந்நிற ஆக்ஸைடு பிரைமர் இரும்புக்கானது, மரத்துக்கு வேண்டாம்.

சாயம் தேர்ந்தெடுத்தல்

கடையில் உங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று குடும்பங்கள்: தூரிகையால் பூசும் எண்ணெய் எனாமல், டப்பாவிலிருந்து அடிக்கும் அக்ரிலிக் லாக்கர், நீரில் கரையும் அக்ரிலிக். நிப்பான் நிறுவனத்தின் பைலாக்ஸ் நம் நாட்டில் அவ்வளவு பரவியிருப்பதால், எந்த நிறுவனத்தின் அடிப்பு டப்பாவையும் மக்கள் பைலாக்ஸ் என்றே கேட்கிறார்கள். ஆகவே பெயரை நம்பாமல் டப்பாவின் பின்புறத்தில் உள்ள வகையைப் படித்து வாங்குங்கள்.

குடும்பம் எதுவாயினும் பிரைமர், நிறம், மேல்பூச்சு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தில், முடிந்தால் ஒரே நிறுவனத்தில் இருப்பது புதியவருக்குப் பாதுகாப்பு. லாக்கரின் மேல் எனாமல் பூசலாம். எனாமலின் மேல் லாக்கரை அடித்தால் அதன் கடுமையான கரைப்பான் கீழுள்ள எனாமலை இளக்கி, வேகவைத்த பாலின் ஏடு போலச் சுருங்கச் செய்யும். கலந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் ஒரு மரத்துண்டுக்கும் அதே வரிசையில் எல்லாப் பூச்சும் பூசி இரண்டு நாள் பாருங்கள். அந்த மரத்துண்டை வேலை முடியும் வரை தூக்கி எறியாதீர்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் அது உங்களுக்கு முன்னால் சென்று வழி காட்டும்.

என் விருப்பம் எனாமல். மெதுவாக உலர்வதால் தூரிகைக் கோடுகள் தாமே சமமாகி மறைகின்றன, படலமும் உறுதியாக நிற்கிறது. காத்திருக்கும் மனம் வேண்டும் என்பதே அதன் விலை. நீர் அக்ரிலிக் மணமில்லாதது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. ஆனால் நீரில் கிடக்கும் படகில் அதன் மேல் வார்னிஷ் பூச வேண்டும். கார்களுக்கு அடிக்கும் இருபொருள் பாலியூரித்தேன் சாயம் மிக உறுதியானது என்பது உண்மையே. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட்டைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது. நுரையீரலுக்கு நிலையான கேடு வரலாம். அதை விரும்பினால் படகைக் கார் பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குங்கள். நிஜக் கப்பல்களுக்குப் பாசி படியாமல் பூசும் நச்சுச் சாயம் நமக்குத் தேவையே இல்லை. நம் படகு ஒரு மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடுகிறது.

நிறத்தைப் பொறுத்தவரை, குட்டையின் நீர் இங்கே பச்சையாகவோ கலங்கிய பழுப்பாகவோ இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கரும்பச்சை, பழுப்பு, சாம்பல் நிறப் படகு முப்பது மீட்டர் தொலைவில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாது. மேல்தளத்தில் வெள்ளையோ மஞ்சளோ இருக்கட்டும். கறுப்பு வெயிலில் மிகவும் சூடேறி மரத்தை விரியச் செய்வதால், நீர்க்கோட்டுக்கு மேலே அதைத் தவிர்ப்பது நல்லது. பளபளப்பான சாயம் படகை விளையாட்டுப் பொருளாகக் காட்டும் என்பது என் கருத்து. அரைப் பளபளப்பே நிஜப் படகின் தோற்றத்தைத் தரும்.

நீர்க்கோட்டை ஊகித்து வரையாதீர்கள். மோட்டார், பாட்டரி எல்லாம் வைத்துப் பெரிய தொட்டியில் மிதக்கவிட்டு முன்னும் பின்னும் இரண்டு குறிகள் இடுங்கள்; பிறகு சமமான மேசையில் படகை நிறுத்தி, கட்டையில் கட்டிய பென்சிலைச் சுற்றி வரச் செய்து கோடு போடுங்கள். முதலில் வெளிர்நிறத்தை முழுவதும் பூசி, நன்கு உலர்ந்தபின் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த டேப்பின் ஓரத்தில் அதே வெளிர்நிறத்தை மீண்டும் ஒரு முறை மெலிதாகத் தடவுங்கள். கசிவது அந்த நிறமாகவே இருப்பதால், மேலே பூசும் அடர்நிறத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் நிற்கும்.

எப்போது பூசுவது

காலை பத்து மணிக்குப் பனி விலகியிருக்கும். பிற்பகலில் இடி மழை தொடங்குவதற்கு முன், ஒரு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மழைக்காற்றில் லாக்கர் அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மூட்டமாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையில் மழை மிகுதி. அப்போது தேய்க்கும் வேலைகளை வைத்துக்கொள்ளலாம். புகைமூட்ட நாள்களிலும் செம்பனை ஆலையின் கரித்தூள் காற்றில் வரும் நாள்களிலும் பூசாதீர்கள்.

மழை விட்ட மாலையில் ஈர வார்னிஷ் பூசிய படகை விளக்குக்குக் கீழே வைத்தால் ஈசல்கள் நூற்றுக்கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். விளக்கை அணைத்துவிட்டு, படகின் மேல் கொசுவலையைப் படாதபடி கூடாரமாகக் கட்டி விடுங்கள்.

ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே டப்பாவில் சொன்ன நேரத்தைக் குறைந்த அளவாகக் கொண்டு, நம் ஈரக் காற்றுக்காகப் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மறுபூச்சுக்கு இவ்வளவு நேரத்துக்குள் அல்லது இத்தனை நாளுக்குப் பின் என்று டப்பாவில் எழுதியிருந்தால், நடுவில் உள்ள காலத்தில் பூசவே கூடாது, சுருங்கிவிடும். மூக்கை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: கரைப்பான் மணம் வந்தால் இன்னும் உலரவில்லை. கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு வாரம் தண்ணீரில் இறக்காதீர்கள். மறைவான இடத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வர வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் போகும்போது பழைய ஈயக் குட்டைகளின் கரை செங்குத்தாக இறங்கும், ஆழம் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். படகு நடுவில் நின்றுவிட்டால் அதை எடுக்க யாரும் நீரில் இறங்கக் கூடாது. நீண்ட நூலும் மிதவைக் கட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நீரில் விடுவதற்கு முன் படகை நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வெளியேயும் உள்ளேயும் துடைத்தபின் மறுபடியும் நிறுங்கள். எடை கூடியிருந்தால் மரம் எங்கோ நீர் குடித்திருக்கிறது. மூடியைத் திறந்து காற்றாட விட்டு, விசிறித் தண்டின் துளையையும் பின்பலகையின் ஓரத்தையும் முதலில் பாருங்கள். நிறம் கறுத்த இடத்தைச் சுரண்டி, உலர்த்தி, அங்கே மட்டும் மீண்டும் ரெசின் தடவுங்கள்.